நாற்பத்திரண்டாவது கூறு

பெங்களூரிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் எங்கள் பங்களா ஹோட்டல் வாசலில் நின்று, அங்கே மாட்டியிருந்த போர்டைத் தன் மனைவிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். இந்தக் காப்பித் தோட்டத்தை உண்டாக்கிய வெள்ளைக்காரத் துரை இதே வீட்டில்தான் குடியிருந்தாராம். அவருடைய மகன் கப்பலேறி லண்டன் போய், அங்கிருந்து அமெரிக்கா போனானாம். அந்த மகன் வழியில் வந்தவர்தான் பிற்காலத்தில் அமெரிக்காவுக்கே ஜனாதிபதி ஆனாராம். அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். ஈரப் பெட்ஷீட்டுகள் நிறைந்த பக்கெட்டோடு அந்த வழியாக வந்த, எங்களோடு வேலை பார்க்கும் அக்கா, பக்கெட்டைக் கீழே வைத்தார்.

“அது சரிங்க. அந்தத் தொரை மகனுக்கு அம்மா யாருங்க?”

அவர் போர்டை மறுபடி மேலிருந்து கீழாகப் படித்தார். “அது இதுல போடலையேம்மா.”

“போட மாட்டாங்கோ” என்று சொல்லிவிட்டு அக்கா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மனிதர் நேராக ரிசப்ஷனுக்கு வந்து என்னிடம் கேட்டார். தெரியாது சார் என்றேன். பச்சைப் பொய். எனக்கு நன்றாகத் தெரியும். போதாததற்கு அந்தப் போர்டில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் நான் எழுதிக் கொடுத்தது.

எனக்குச் சொந்த ஊர் அடிவாரம். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து மலையேறி, அந்தப் பழைய பங்களா ஹோட்டலில் ஆறு வருஷம் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது கூட இருக்கும். பெட்ஷீட், தலையணை உறை, துண்டு எல்லாம் அவர் பொறுப்பு. ஏற்காட்டு மூடுபனியில் துணி காய்வது என்பது லேசுப்பட்ட காரியமா? காய்ந்ததா என்று மற்றவர்கள் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். அக்கா கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கன்னம் சரியென்றால்தான் துணி இஸ்திரிக்குப் போகும். முதலாளி சேலத்திலிருந்து போன் போட்டு, “ரூம் ரெடியா, ரூம் ரெடியா” என்று உயிரை எடுப்பார். “ஈரத்துல படுத்து கெஸ்ட்டுக்குச் சளி புடிச்சா உங்களையத்தானுங்க திட்டுவாங்கோ” என்று அக்கா பதில் சொல்வார். முதலாளி போனை வைத்துவிடுவார்.

ஆனால் அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது துணி இல்லை, அந்தக் கேள்விதான். இன்னாருடைய பேரன், இன்னார் வம்சம் என்று யார் எதைப் பீற்றிக்கொண்டாலும் அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, “அது சரிங்க, அவங்கம்மா யாருங்க?” என்பார். கேலியாகக் கேட்கமாட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால்தான் எல்லோருக்கும் எரிச்சல் வந்தது.

எனக்கு ஒரு ஜாதகம் வந்தது. சங்ககிரிப் பக்கம், தாத்தா காலத்திலேயே லாரி வைத்திருந்த குடும்பம். தாத்தா, பெரியப்பா, சித்தப்பா என்று ஆண்பிள்ளைகள் பெருமையை நான் ஒரு மணி நேரம் அளந்தேன். அக்கா தலையணைக்கு உறை போட்டுக்கொண்டே, “அந்தப் பையனுக்கு அம்மா யாரு கண்ணு?” என்றார். யோசித்துப் பார்த்தால், அந்த வீட்டுக்கு என்னைக் கொடுக்கும் பேச்சு மூன்று மாதம் நடந்தும் அந்த அம்மாவின் பெயர் ஒருமுறைகூட யார் வாயிலும் வரவில்லை. அந்தச் சம்பந்தத்தை நான் வேண்டாம் என்றேன். வீட்டில் பெரிய ரகளை ஆயிற்று. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

இன்னொரு தடவை, அக்காவுக்கு பி.எஃப். ஃபாரம் நிரப்பினேன். அப்பா பெயர் அல்லது கணவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது.

“அம்மா பேருக்கு எடமில்லீங்களா கண்ணு?”

“இல்லீங்க்கா.”

“அப்ப ஓரத்துல எழுது.”

ஓரத்தில் எழுதினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். புது ஃபாரம் எடுத்து மறுபடி ஓரத்தில் எழுதச் சொன்னார். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது தடவை நான் அழாத குறை. “எழுது சாமி, அவிங்க கை சலிக்குதா நம்ம கை சலிக்குதான்னு பாக்கலாம்” என்றார். மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டார்கள்.

இனி ஜனாதிபதி கதைக்கு வருகிறேன். அவர் பெயரெல்லாம் எதற்கு, மனிதர் பதவி முடிந்து வீட்டில் உட்கார்ந்தே ரொம்ப நாளாகிவிட்டது. அவருடைய குடும்பப் பெயரும், எஸ்டேட்டுக்குப் பின்னால் சவுக்கு மரத்தடியில் கிடக்கும் ஒரு கல்லறைக் கல்லில் உள்ள பெயரும் ஒன்று. இவ்வளவுதான் ஆதாரம். இதை வைத்துக்கொண்டு எங்கள் ஜீப் டிரைவர்கள் ஒரு மகாபாரதமே பாடினார்கள். ஏரிக்கரை பஜ்ஜிக் கடையில், பஸ் ஸ்டாண்டில், மிளகு வாங்கப் போன இடத்தில் எல்லாம் “நம்மூர்க்காரருங்க” என்று பேச்சு. கடை போட்டிருந்தவர்களில் பாதிப் பேர் கீழே சேலத்திலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கும் “நம்மூர்”தான். அவர் பதவி போனது, இவர்கள் பெருமை போகவில்லை. முதலாளிக்கு யோசனை வந்தது. “நீ நல்லா எழுதுவியேம்மா, போர்டுக்கு நாலு வரி எழுதிக் குடு” என்றார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம். எழுதினேன். துரை, துரை மகன், ஜனாதிபதி. அம்மா என்று ஒருத்தி இருந்திருக்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. நானும் ஒரு பெண்தான், என்ன சொல்லிக்கொள்ள.

டபுள் பெட்ஷீட்டை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, எதிரும் புதிருமாக நடந்து வந்து சேர வேண்டும். கூட்டமில்லாத நாட்களில் அக்காவுக்கு நான்தான் எதிர்முனை. ஒரு நாள் அப்படி மடிக்கும்போது சொன்னார்.

“அவ பேரு நல்லாயி கண்ணு. எங்கூர்ப் புள்ள. காப்பிப் பழம் எடுக்க வந்தவளைத் தொரை ஊட்டோட வெச்சுக்கிட்டான். ரெண்டு புள்ளைங்க. தொரை சீமைக்குப் போறப்ப, பையன் செவப்பா இருந்தானாம், கூட்டிக்கிட்டுப் போயிட்டான். பொண்ணு கருப்பு. உட்டுட்டுப் போயிட்டான்.”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன, அந்தக் கருப்புப் புள்ள வழிதான் நானு.”

இது எவ்வளவு தூரம் உண்மை என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நல்லாயியால் ஊர் அவர்கள் வீட்டை ஒதுக்கி வைத்தது உண்மை. அது அன்றைக்கும் நடந்துகொண்டிருந்தது.

அக்காவின் ஊர், செம்மநத்தம் பஸ்ஸில் போய் இறங்கி இன்னும் மேலே நடக்க வேண்டிய ஒரு சின்ன மலையூர். வருஷா வருஷம் அங்கே அம்மனுக்கு நோம்பி, அதாவது திருவிழா, சாட்டுவார்கள். வெட்டுகிற கிடாய்க் கறியை வீட்டுக்கு ஒரு கூறாக இலையில் வரிசையாக வைத்துவிட்டு, ஊர்க்கவுண்டர் ஒவ்வொரு வீட்டையும் அந்த வீட்டு முன்னோர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஊர்க்கவுண்டர் என்றால் ஊருக்குத் தலைவர். “ராமக்கவுண்டர் ஊட்டுக் கூறு” என்றால் அந்த வீட்டு ஆள் “இருக்கறமுங்க” என்று எழுந்து போய் எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படிக் கூப்பிடுகிற வீடு நாற்பத்தொன்று. கூப்பிடாத வீடு ஒன்றே ஒன்று. கறி யாருக்கு வேண்டும்? கூறு இல்லாத வீட்டுக்கு நல்லது கெட்டதில் ஊர் வராது, அதுதான் விஷயம். அந்த வீட்டுக்கு மாப்பிள்ளைகள் எல்லாம் வெளியூரிலிருந்து வந்தவர்கள்.

“எங்கம்மா செத்தப்ப தூக்க நாலு பேரு வரலை கண்ணு. எஸ்டேட் ஆளுங்கதான் தூக்குனாங்கோ. எனக்கு ஒரு பொண்ணு இருக்குது. நாளைக்கு நான் போனா அவ எஸ்டேட் வாசல்ல வந்து நாலு ஆளுக்கு நிக்கணுமா?”

அதனால் அம்மா செத்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு நோம்பிக்கும் அக்கா கறி வாங்கும் பாத்திரமாக ஒரு தூக்குப் போசியோடு போய், கூறு வாங்குகிற கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருவார். கூப்பிடமாட்டார்கள். வெறும் போசியோடு திரும்பி வருவார். மறுநாள் வேலைக்கு வந்துவிடுவார். நான் ஒருமுறை கேட்டேவிட்டேன்.

“ஏனுங்க்கா இப்படிப் போய் அவமானப்படறீங்க?”

“கூப்புடாதவிங்களுக்குத்தான் கண்ணு அவமானம். நான் எதுக்குப் படோணும்?”

அன்றைக்கே முதலாளியிடம் போய், போர்டில் நல்லாயி பெயரையும் ஒரு வரி சேர்க்கலாமா சார் என்று கேட்டேன். “ஃபேமிலி வர்ற எடம்மா இது. மலைக்காரப் பொம்பளை, வெச்சுக்கிட்டான் அது இதுன்னு போட்டா நல்லாவா இருக்கும்?” என்றார். சரிங்க சார் என்று வந்துவிட்டேன். எங்கள் தெருவில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அந்த வாய் அன்றைக்கு எங்கே போனது என்று தெரியவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அடுத்த வருஷம் ஒரு சேனலிலிருந்து கேமராவோடு வந்தார்கள். முதலாளி பட்டு வேட்டியில் வந்து துரை நாற்காலி, துரை கட்டில் என்று காட்டினார். நாற்காலி செவ்வாப்பேட்டையில் வாங்கியது. நான்தான் ஆட்டோவில் ஏற்றி அனுப்பச் சொன்னேன். அக்கம்பக்கத்து ஊர்ப் பெரியவர்களையும் பேச வைக்கலாம் என்று, அக்காவின் ஊர்க்கவுண்டரையும் ஜீப்பில் கூட்டி வந்திருந்தார்கள். சலவைச் சட்டை, தோளில் புதுத் துண்டு. இது எங்கள் மலை, இது எங்கள் பெருமை என்று நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த அக்கா, அங்கிருந்தபடியே சத்தமாகக் கேட்டார்.

“அது சரிங்க. அந்தப் பையனுக்கு அம்மா யாருங்க?”

சேனல் பெண்ணுக்கு அந்தக் கேள்வி பிடித்துப் போயிற்று. மைக்கைக் கவுண்டரிடம் நீட்டி, “சொல்லுங்க ஐயா, யார் அந்த அம்மா?” என்றாள்.

கவுண்டர் முழித்தார். தெரியாது என்று சொன்னால் ஜனாதிபதி வெள்ளைக்காரனோடு போய்விடுவார், ஊருக்கு ஒன்றும் மிஞ்சாது. கேமரா வேறு முகத்துக்கு நேராக நிற்கிறது. மனிதருக்கு ஆசை ஜெயித்துவிட்டது.

“எங்கூர்ப் பொண்ணுதானுங்க. நல்லாயின்னு பேரு. எங்களுக்குப் பங்காளி ஊடு. அப்படிப் பாத்தா அமெரிக்கா பிரசிடெண்ட்டு எங்கூருப் பையனுங்க!”

அதோடு விட்டாரா? வரப்போகிற நோம்பிக்கு நல்லாயி வீட்டையும் சேர்த்து நாற்பத்திரண்டு கூறு போடுவோம், வந்து படம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அழைப்பும் வைத்தார். ஜீப்பில் ஏறுவதற்கு முன்பே போனைப் போட்டு, கூறு வைக்கிறவரிடம் நாற்பத்திரண்டு இலை என்று சொல்லியும்விட்டார். என் காதால் கேட்டேன்.

அந்த வீடியோவை அக்காவின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். “எங்கூர்ப் பொண்ணுதானுங்க” என்கிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அவர் கண் கலங்கவில்லை. நான்தான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

நோம்பிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர் வந்து ரூம் போட்டார். பழைய தோட்டக்காரர்களின் குடும்ப வரலாறுதான் அவருக்கு வேலை. போர்டைப் பார்த்துச் சிரித்தார். கல்லறைத் துரையின் குடும்பமும் அந்த ஜனாதிபதியின் குடும்பமும் வேறு வேறு நாட்டிலிருந்து கிளம்பியவை, ஒரே பெயர் ஆயிரம் பேருக்கு உண்டு என்று கட்டுக் காகிதத்தை மேசையில் பரப்பிக் காட்டினார். பத்திரிகையிலும் எழுதிவிட்டார். முதலாளி மறுநாளே போர்டைக் கழற்றச் சொன்னார். ஜீப் டிரைவர்கள் ஒரு வாரம் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு ஏதோ நடிகையின் தேனிலவுக் கதையைப் பிடித்துக்கொண்டார்கள். சேனல்காரர்கள் நோம்பிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நான் அக்காவிடம் ஓடினேன்.

“அக்கா, அவரு நம்ம ஆளே இல்லையாமா. இனி கூறு?”

அக்கா பெட்ஷீட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி கொடியில் போட்டார். “எங்க ஊட்டுப் புள்ள இல்லாட்டி அவருக்குத்தான் கண்ணு நட்டம். நல்லாயிக்கு என்ன?”

நோம்பிக்கு நான் லீவு போட்டுவிட்டு அவரோடு போனேன். கோயில் முன்னால் முழு ஊரும் உட்கார்ந்திருந்தது. வானம் கருத்துக் கிடந்தது. அக்கா வழக்கம்போல முன்வரிசையில் போசியோடு உட்கார்ந்தார். பக்கத்தில் நான். வரிசையாக இலைகள். நான் எண்ணினேன். நாற்பத்திரண்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி எண்ணினேன். நாற்பத்திரண்டேதான். சேனலுக்காகச் சொன்னதை, சேனல் வராது என்றானதும் மாற்றிச் சொல்ல மறந்துவிட்டார் கவுண்டர். கூறு வைக்கிறவர் சொன்னபடி வைத்துவிட்டார்.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராக எடுத்துப் போனார்கள். நாற்பத்தொன்று முடிந்தது. ஓர் இலை மிச்சம் இருந்தது.

அந்த ஊரில் ஒரு கட்டு உண்டு. இலையில் வைத்த கூறைத் திரும்ப அண்டாவில் போடக்கூடாது. ஒரு வீட்டுக்கு இரண்டும் தரக்கூடாது. கடைசிக் கூறு எடுக்கும்வரை பூசாரி தீர்த்தம் தெளிக்கமாட்டார். தீர்த்தம் தெளிக்காமல் யாரும் எழுந்து வீட்டுக்குப் போகக்கூடாது. பூசாரி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கவுண்டர் கூறு வைத்தவரை முறைத்தார். அவர், “நீங்கதானுங்க நாப்பத்திரண்டுன்னீங்க” என்றார்.

“அது அப்பச் சொன்னது. அந்தப் பிரசிடெண்ட்டே நம்ம ஆளு இல்லீன்னு பேப்பர்லயே போட்டுட்டான்” என்றார் கவுண்டர்.

அக்கா உட்கார்ந்தபடியே பேசினார். “ஏனுங்க கவுண்டரே, அவரு வந்தா இங்க கூறு வாங்கப் போறாரு? எங்கூர்ப் பொண்ணு, எங்க பங்காளி ஊடுன்னு நீங்க சொன்னது அவளையத்தானுங்களே. அமெரிக்காக்காரரு பொய்யாப் போகட்டும். அவளும் பொய்யா? அவ பொய்யின்னா உங்க முன்னால உக்காந்திருக்கற நான் யாருங்க?”

ஒரு தூறல் விழுந்தது. பெண்கள் முந்தானையால் தூக்குகளை மூடினார்கள். பின்னால் ஒரு குழந்தை பசிக்கு அழ ஆரம்பித்தது.

கவுண்டர் தொண்டையைச் செருமினார். “சரி. தொரை ஊட்டுக் கூறு.”

அந்த வீட்டைக் கேலியாகச் சொல்ல ஊர் வைத்திருந்த பெயர் அது. நான் அக்காவின் தொடையை இடித்தேன். எழுந்திருங்கள் அக்கா, கூப்பிட்டுவிட்டார், போதும் என்று முணுமுணுத்தேன். நான் அப்படித்தான், கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிற ஜாதி. அக்கா அசையவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“பிரசிடெண்ட்டு ஊட்டுக் கூறு!” என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான். கொல்லென்று சிரித்தார்கள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மழை வலுத்தது. இலையில் இருந்த கறியின் மேல் தண்ணீர் சொட்டியது. யாராலும் எழுந்திருக்க முடியவில்லை. பூசாரியின் செம்பில் மழைத் தண்ணீர் நிறைந்து வழிந்தது. கவுண்டரின் புதுத் துண்டு தோளோடு ஒட்டிக்கொண்டது. ஒரு கிழவர் பொறுமை இழந்து கத்தினார்.

“அடச் சொல்லித் தொலையேப்பா! பேரு என்ன வாயில நிக்காதா? டிவியில மட்டும் வந்துச்சு!”

கவுண்டர் தரையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்க்காமல், கோயிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நல்லாயி ஊட்டுக் கூறு.”

அக்கா எழுந்திருக்கவில்லை. தலைத் தண்ணீரை வழித்துவிட்டுக்கொண்டு, பணிவாகவே கேட்டார்.

“இன்னொருக்காச் சொல்லுங்க. மழையில பின்னால இருக்கறவிங்களுக்குக் கேக்கலீங்க.”

கவுண்டர் அடிவயிற்றிலிருந்து கத்தினார். அதற்கப்புறம்தான் அக்கா, “இருக்கறமுங்க” என்று எழுந்தார்.